மாமாநேட்டலி பிரசவப் பொம்மை: வாங்கலாம், ஆனால் பேசத் தெரிந்த ஒருவரும் வேண்டும்

லேர்டால் நிறுவனத்தின் மாமாநேட்டலியை எங்கள் கல்லூரிக்கு வாங்கி, இறுதியாண்டு மாணவிகளிடமும் லேபர் வார்டு சிஸ்டர்களிடமும் நன்றாகப் புழங்கிவிட்டு இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் சின்ன நர்சிங் கல்லூரி. கம்ப்யூட்டரில் ஓடுகிற முழு உடல் மேனிகின் எல்லாம் எங்கள் பட்ஜெட்டில் நினைத்துப் பார்க்க முடியாது. இதை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் வருவது பயிற்சியின் ஒரு பகுதிதான்.

லேர்டால் நார்வேக்காரர்கள். முதலில் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகள் செய்துகொண்டிருந்து, 1960-ல் ரெசுசி ஆன் என்ற உயிர்மீட்புப் பொம்மைக்கு வந்தவர்கள். மாமாநேட்டலிக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. கர்ப்பிணியின் வயிறும் பிரசவப் பாதையும் மட்டும். அதை உயிருள்ள ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துகொள்ள வேண்டும். குழந்தையை உள்ளிருந்து தள்ளுவது, கர்ப்பப்பையை இறுக்கமாகவோ தளர்வாகவோ காட்டுவது, இரத்தத்தை எவ்வளவு வேகமாக விடுவது எல்லாம் கட்டியிருப்பவர் கையில். கரண்ட் வேண்டாம். எங்கள் ஊருக்கு இது பெரிய விஷயம்.

எங்கள் பெட்டியோடு நியோநேட்டலி என்ற குழந்தைப் பொம்மையும் வந்தது. அதற்குள் தண்ணீர் நிரப்பினால் சுமார் 2 கிலோ கனம் வரும். கையில் வாங்கும் மாணவியின் தோள் தானாகக் குனியும். பந்து போன்ற பம்பை அமுக்கினால் மூச்சு விடும், அழும், தொப்புள்கொடியில் துடிப்பும் தெரியும். அமுக்காமல் விட்டுவிட்டால் அழாத பிள்ளை. அப்போது ஒரு நிமிடத்துக்குள் அம்பு பேக்கால், அதாவது முகமூடி வைத்துக் கையால் அமுக்கும் பையால், மூச்சு கொடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரு வரி, கையில் கிடக்கும்போது வேறு.

பெரும்பாலும் நான்தான் கட்டிக்கொள்வேன். ஐம்பதைத் தாண்டிய மேடம் வயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்து முடிக்கட்டும். அதன் பிறகு, இது பரீட்சை இல்லை, இங்கே நடப்பது இந்த அறையைத் தாண்டாது, பொம்மையை நிஜ அம்மாவாக நினைத்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குவேன். இந்த முன்பேச்சை விட்டுவிட்டால் கடைசிவரை நாடகமாகவே போகும்.

மேசைமேல் கிடத்தும் இடுப்புப் பொம்மைகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை இங்கேதான். மேசைப் பொம்மையிடம் யாரும் பேசுவதில்லை. இங்கே நான் கத்துவேன், கையைப் பிடிப்பேன், "சிஸ்டர், புள்ள ஏன் அழல?" என்று கேட்பேன். அழுகிற தாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டே கர்ப்பப்பையைத் தடவ எந்த மேசைப் பொம்மையும் கற்றுத் தராது.

நாங்கள் அதிகம் செய்வது பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, வார்டு பாஷையில் பிபிஹெச். குழந்தை வந்ததும் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்தை 10 யூனிட் தசையில் போடுகிறார்கள். நஞ்சுக்கொடி வருகிறது. நான் கர்ப்பப்பையைத் தளர விட்டு, இரத்தத்தைத் திறக்கிறேன். போலி இரத்தம் அடர்திரவமாக வரும், தண்ணீரில் கலந்துகொள்ள வேண்டும். அளந்து ஊற்றிக்கொள்வதால் எவ்வளவு போயிற்று என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கேட்டால் எப்போதும் குறைத்தே சொல்வார்கள், அனுபவமுள்ள சிஸ்டர்களும்தான். கண்ணால் மதிப்பிடுவதன் குறையே அது. இரத்தம் வந்து சேரும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பான டிரேப்பை அடியில் விரித்தால் பேச்சுக்கே இடமில்லை. 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. அளவு டிரேப், கர்ப்பப்பை மசாஜ், ஆக்சிடோசின், இரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட், ஐவி திரவம், பரிசோதனை இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்துக் கொடுத்ததில், கடும் இரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அதனால் டிரேப்பைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டியில் வராத பகுதிக்கு வருகிறேன். பயிற்சி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசும் டீப்ரீஃபிங் அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். நம் ஊர்ப் பழக்கம் வேறு: முடிந்ததும் ஆசிரியை எழுந்து, நீ இதை விட்டாய், அதை மறந்தாய் என்று பட்டியல் படிப்பது. பிள்ளைகள் தலையைக் குனிந்து "சரி மேடம்" என்பார்கள். அதோடு தீர்ந்தது. இதற்கா இவ்வளவு செலவு?

ஒரு மாணவி மசாஜ் செய்தாள், மருந்து கேட்டாள், டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராமைப் பத்து நிமிடத்தில் மெதுவாகப் போட வேண்டும் என்றுகூடச் சரியாகச் சொன்னாள். ஆனால் உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. பட்டியல் படித்திருந்தால் "உதவி கூப்பிடவில்லை, ஒரு மார்க் போச்சு" என்று முடிந்திருக்கும். பாஸ்டன் சிமுலேஷன் மையத்தார் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. பார்த்ததைச் சொல், உன் கவலையை மறைக்காமல் சொல், அப்புறம் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேள். அதன்படி கேட்டேன்: "டிரேப்பில் 700 மில்லி தாண்டியும் நீ தனியாகவே நின்றதைப் பார்த்தேம்மா. தனியாக இருந்தால் அந்தத் தாய் நம் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போ உன் மனசுல என்ன ஓடிச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வார்டுல ஒரு தடவை டாக்டரக் கூப்பிட்டேன் மேடம். இதுக்கெல்லாமா கூப்பிடுவன்னு எல்லார் முன்னாலயும் திட்டிட்டாங்க" என்றாள். மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவளைத் தடுத்தது அறிவுக் குறைவு இல்லை, அந்தத் திட்டின் பயம். அன்றைக்கே, டிரேப் 500 மில்லியைத் தொட்டால் யாரிடமும் அனுமதி கேட்காமல் சத்தமாகக் கூப்பிடுவது என்று முடிவு செய்து மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கூப்பிட்டாள்.

கட்டியிருந்தவரையும் பேச விடுங்கள். "நீ என் வயிற்றை அமுக்கினாய், ஏன் என்று சொல்லவில்லை, வலித்தது" என்று தாயின் இடத்திலிருந்து ஒருவர் சொல்வது ஆசிரியையின் அறிவுரையைவிட ஆழமாக இறங்கும். ஆனால் வயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவி, நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகு பேசட்டும். கட்டிலில் இருந்தபடி பேசினால் யாரும் வாய் திறப்பதில்லை. கட்டிக்கொள்பவரே பேச்சையும் நடத்துவது சிரமம், இரத்தக் குழாயைக் கவனிக்கும்போது அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பது விட்டுப்போகும். நான் கட்டிக்கொள்ளும் நாளில் இன்னோர் ஆசிரியை மூலையில் நின்று குறிப்பெடுப்பார்.

மற்றவை சுருக்கமாக. எபிசியாட்டமி, அதாவது பிரசவத்தின்போது பிறப்புறுப்பு வாயில் போடும் வெட்டு, அதற்கான தையல் பழக இது ஆகாது, அதற்குத் தனி மாடல் வேண்டும். தாய்க்கு சிபிஆர் பயிற்சியும் இதில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் குழாய்களில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும், மழைக்காலத்தில் ஃபேன் அடியில் தொங்கவிடுகிறோம். கட்டுபவருக்கு இடுப்பு வலிக்கும், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்கு விற்ற டீலர் பெட்டியை இறக்கிவிட்டுப் போனவர்தான், செய்து காட்ட ஆள் வரவே இல்லை. பணம் கட்டும் முன்பே டெமோவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கூடவே போலி இரத்தம் கூடுதலாக ஆர்டர் செய்யுங்கள், முதலில் தீர்வது அதுதான்.