ஆப்பிரிக்கத் தொழில் "ஆய்வறிக்கை" வாங்கி 9 லட்சம் இழந்தேன்

பண்ருட்டிப் பக்கம் சின்னதாக முந்திரி ஆலை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் விளையும் முந்திரிக்கொட்டை, ஆலைக்கு வருஷம் முழுக்கப் பத்தாது. மீதிக்கு ஆப்பிரிக்கக் கொட்டைதான். தூத்துக்குடி இறக்குமதியாளர்களிடம் வாங்கிக்கொண்டிருந்தேன். நேரடியாக இறக்கலாம் என்று ஆசைப்பட்டு, 2024 ஜனவரியில் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டைப் பற்றிய தொழில் ஆய்வறிக்கையை 1,20,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

வழவழப்பான அட்டை, 80 பக்கம். பெனினின் துறைமுக நகரான கோட்டோனூவில் ஒரு விற்பனையாளரையும் அவர்களே காட்டினார்கள். இரண்டு கன்டெய்னர், மே மாதம் கப்பல் ஏற்றுவதாகப் பேச்சு. 30 சதவீதம் முன்பணம் அனுப்பினேன்.

மார்ச் கடைசியில் தூத்துக்குடி அண்ணன் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "என்ன தம்பி, ஏப்ரல் 1-லேர்ந்து பெனின்ல கொட்டை ஏற்றுமதிக்கே தடையாச்சே! 2022-லயே அறிவிச்சிட்டாங்களே" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

உண்மைதான். கொட்டையை உள்நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக்கி விற்க வேண்டும் என்பது பெனின் அரசின் முடிவு. குளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் அதற்கான ஆலைகள் ஓடுகின்றன. அந்த ஊர் ஆட்களுக்கு வேலை கிடைக்கிறது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கோபமெல்லாம் காசு வாங்கிக்கொண்டு இதை எழுதாமல் விட்டவர்கள் மேல்தான்.

அப்புறம்தான் அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். "தற்போதைய தரவரிசை" என்று போட்டிருந்தது எந்த நாட்டில் தொழில் செய்வது எளிது என்று வரிசைப்படுத்தும் உலக வங்கியின் பழைய 'டூயிங் பிசினஸ்' பட்டியல். கடைசியாக 2019 அக்டோபரில் வந்தது. தரவுகளில் முறைகேடு என்று 2021 செப்டம்பரில் உலக வங்கியே அதைக் கைவிட்டுவிட்டது. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்ற அவுட்டர்ன் கணக்கு, ஈரப்பதம், இரண்டும் ஓரிடத்தில்கூட இல்லை. கொட்டை வாங்குகிறவன் முதலில் கேட்பதே அதைத்தானே!

விற்பனையாளர் போனை எடுப்பதில்லை. ஆலோசனைக்காரர்கள் "அறிமுகம் மட்டும்தான் எங்கள் பொறுப்பு" என்கிறார்கள்.

பெனின், ஐவரி கோஸ்ட் உட்பட 17 நாடுகளுக்கு ஓஹாடா என்ற பொது வணிகச் சட்டம் இருக்கிறது. அங்கே பதிவான நிறுவனத்துக்கு ஆர்.சி.சி.எம். என்ற வணிகப் பதிவு எண் உண்டு. அந்த எண்ணை வாங்கி, உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்துச் சரிபார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். நான் அந்த எண்ணைக் கேட்கவே இல்லை.

அதே நிறுவனம் இப்போது தான்சானியா அறிக்கை விற்கிறது. யாராவது வாங்கியிருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள்.