விழித்திரைக்கு மஞ்சள் சாயம், அதன் பின்புறத்துக்குப் பச்சைச் சாயம்: கண் ஆஞ்சியோகிராமில் எது எப்போது?

சர்க்கரை நோயால் பார்வை மங்கியவரிடம் "கண்ணுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும்" என்று சொன்னால், பலருக்கும் இதயப் பரிசோதனைதான் நினைவுக்கு வந்து நெஞ்சு பதறும். இதில் குழாய் எதையும் உள்ளே செலுத்துவதில்லை. கை நரம்பில் ஓர் ஊசி போடுவார்கள். பிறகு கேமரா முன்னால் தாடையை ஊன்றி உட்கார்ந்தால் போதும். ஊசியில் ஏறுவது ஒளிரும் சாயம். ஓர் அலைநீளத்தில் ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும் இத்தகைய சாயங்களை ஃபுளோரோகுரோம் என்பார்கள். கண்ணில் இவ்வாறு பயன்படுபவை முக்கியமாக இரண்டு: ஃபுளோரசீன், இண்டோசயனின் கிரீன். பின்னதை மருத்துவமனைகளில் ஐ.சி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

ஃபுளோரசீன் மூத்தது. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1871இல் அதைத் தயாரித்தார். ஆனாலும் மனிதக் கண்ணின் ரத்த ஓட்டத்தை இதைக்கொண்டு படமெடுக்கும் முறை 1961இல்தான் வெளியானது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நோவோட்னி, ஆல்விஸ் என்ற இருவர் செய்த வேலை அது. கண் மருத்துவத்தையே மாற்றிய அந்தக் கட்டுரை வெளிவந்தது இதயம், ரத்த ஓட்டம் தொடர்பான 'சர்குலேஷன்' இதழில்.

நீல ஒளி பட்டால் ஃபுளோரசீன் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து விநாடிகளில் கண்ணுக்கு வந்துவிடும். முதலில் தமனிகள் நிரம்பும். அடுத்து சிரைகளின் இரு ஓரங்களிலும் மெல்லிய ஒளிக்கோடு தெரியும், நடுப்பகுதி இருட்டாகவே இருக்கும். பக்கத்திலிருந்து வந்து சேரும் ரத்தம் சுவரை ஒட்டியே ஓடுவதால் இப்படி. சற்று நேரத்தில் சிரை முழுவதும் நிரம்பிவிடும். முறையாக எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால் அடைப்பு எங்கே, கசிவு எங்கே என்பது கண்கூடாகத் தெரியும். சர்க்கரை நோயில் இதன் மதிப்பே இந்தக் கசிவில்தான் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள விழித்திரை ரத்தக்குழாய் சாயத்தை வெளியே விடாது. நோயில் புதிதாக முளைத்த குழாய் விட்டுவிடும். படத்தில் அந்த இடம் நேரம் ஆக ஆக விரிந்து, ஓரம் கலங்கிப் பிரகாசிக்கும்.

இதே ஃபுளோரசீன் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு அடுக்கைக் காட்டச் சொன்னால் திணறிவிடும். காரணங்கள் இரண்டு. இடையிலிருக்கும் நிறமி அடுக்கு நீல ஒளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு, ஃபுளோரசீனில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் ரத்தப் புரதத்தோடு ஒட்டுகிறது. மீதி கோராய்டின் நுண்துளைக் குழாய்கள் வழியே நொடிகளில் ஒழுகிப் பின்புலம் முழுவதையும் மங்கலாக ஒளிர வைத்துவிடும்.

ஐ.சி.ஜி. ஜெயிக்கும் இடம் இதுதான். அது வாங்குவதும் உமிழ்வதும் 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளி நிறமியையும், மெல்லிய ரத்தக் கசிவையும் ஊடுருவிச் செல்லும். சாயத்தில் 98 சதவீதம் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் கோராய்டுக் குழாய்களை விட்டு எளிதில் வெளியேறாது. குறை, ஒளி மிகவும் மங்கல். அமெரிக்காவில் 1959லேயே மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றிருந்தும், நல்ல டிஜிட்டல் அகச்சிவப்புக் கேமராக்கள் வந்த 1990களில்தான் கண் மருத்துவமனைகளில் பரவலானது.

ஆசியர்களான நமக்கு ஐ.சி.ஜி. கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. கோராய்டுக் குழாய்கள் திராட்சைக் கொத்துபோல் புடைக்கும் 'பாலிபாய்டல்' நோய் வெள்ளையர்களைவிட ஆசியர்களிடம் அதிகம். ஃபுளோரசீன் படத்தில் இது முதுமையில் வரும் சாதாரண மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவுபோலவே தோன்றிவிடக்கூடும். சிகிச்சை வேறுபடக்கூடும் என்பதால், சந்தேகம் இருக்கும்போது ஐ.சி.ஜி.யைத் தவிர்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அதற்காகச் சர்க்கரை நோய் விழித்திரைக்கும் அதையே கேட்பது வீண் செலவு. அங்கே ஃபுளோரசீனே போதும்.

சாயமே இல்லாமல், ஒளியைக்கொண்டே விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராஃபியும் இப்போது இருக்கிறது. ஊசி வேண்டாம், சில விநாடிகளில் முடிந்துவிடும், அடிக்கடி எடுக்கலாம். ஆனால் அது ஓட்டத்தை மட்டுமே காட்டும், கசிவைக் காட்டாது. எனவே சாயத்தின் இடத்தை முழுவதுமாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

உடலில் இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. ஃபுளோரசீன் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறும். தோல் சில மணி நேரம் மஞ்சளிக்கும், சிறுநீர் ஒரு நாள்வரை அடர் மஞ்சளாகப் போகும். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் மஞ்சள் காமாலை என்று நோயாளி பயந்துவிடுவார். ஊசி போட்டதும் சிலருக்குக் குமட்டும். கடுமையான ஒவ்வாமை அரிது, எனினும் அவசர மருந்துகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஐ.சி.ஜி.யில் குமட்டல் குறைவு, அதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். ஆனால் வழக்கமான தயாரிப்பில் சிறிதளவு சோடியம் அயோடைடு கலந்திருக்கிறது. அயோடின் ஒவ்வாமையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கதிரியக்க அயோடின் கொண்டு செய்யும் தைராய்டு பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தால், ஐ.சி.ஜி.க்குப் பிறகு குறைந்தது ஒரு வாரமாவது அதைத் தள்ளிவைக்க வேண்டும்.