டெல்லிக் குளிருக்கு ஏர் ப்யூரிஃபையர்: ஓர் அறைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்

மயூர் விகாரில் இருக்கிறோம். பையனுக்கு வீசிங் உண்டு. அக்டோபர் கடைசியில் காற்று அசைவது நின்றுவிடும். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை, இங்கத்திய வண்டிப்புகை, கட்டடத் தூசு எல்லாம் சேர்ந்து தரையோடு தங்கிவிடும். அவனுக்காகத்தான் இந்த மெஷின். விலை 11,000 சொச்சம்.

எந்தக் கம்பெனி என்பதைவிட, பெட்டியில் போட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர். எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பதுதான் அது. எங்கள் படுக்கையறை 12-க்கு 11 அடி, உயரம் 10 அடி. ஏறத்தாழ 37 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமென்றால் 190 வேண்டும். எங்கள் மெஷினில் 300 என்று போட்டிருக்கிறது. ஆனால் அது முழு வேகத்தில் ஓடும்போதுதான். சத்தமில்லாத ஸ்லீப் மோடில் அதில் பாதிகூட வராது. அதனால் சாப்பிட உட்காரும்போதே கதவைச் சாத்தி முழு வேகத்தில் விட்டுவிடுவேன். படுத்தபிறகு நடு வேகம். கதவுக்கு அடியில் பழைய துண்டு. ஹாலையும் சேர்த்துச் சுத்தம் செய்யட்டும் என்று கதவைத் திறந்துவைத்தால் இரண்டு இடமும் உருப்படாது.

எனக்குப் பிடிக்காதது அதன் திரை. சென்சார் மெஷினிலேயே இருப்பதால், தான் சுத்தம் செய்த காற்றையே அளந்து, பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசு, ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு) 12 என்று பச்சை விளக்கு காட்டும். தனியாக ஒரு மீட்டர் வாங்கித் தலையணைப் பக்கம் வைத்தேன்: 38. வெளியே பால்கனியில் அப்போது 340. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் பி.எம். 2.5 அளவு 15, நம் நாட்டு வரம்பு 60. 38 எனக்குப் பெரிய நிம்மதிதான். இரவில் அவன் இருமி எழுவது நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்களுக்கு உண்மையான எண் தெரிய வேண்டும்.

மிளகாய் தாளிக்கும்போதும் ஊதுபத்தி ஏற்றும்போதும் அந்த அறைக் கதவு மூடியிருக்கட்டும். அயனைசர் (தூசுக்கு மின்னேற்றம் கொடுத்துப் படியவைக்கும் வசதி) பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். சிலவற்றில் ஓசோன் வரும், வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. நாள் முழுக்க அடைத்தே வைத்தாலும் மூச்சு முட்டும். வெயில் ஏறிய மதியத்தில் வெளிக்காற்று கொஞ்சம் தேவலை, அப்போது ஜன்னலைச் சிறிது நேரம் திறப்போம். அப்புறம், வெளியே போக என்95 மாஸ்க் தவிர வேறு வழியில்லை. கேட்டில் இரவெல்லாம் உட்காரும் காவலாளிக்கும் வாங்கிக் கொடுக்கிறோம். அவருக்கு மூடிக்கொள்ள ஓர் அறைகூட இல்லை.

உள்ளே நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வெளிவலையை மட்டும் வாரம் ஒருமுறை துடைக்கலாம். எங்களுக்கு ஒரு சீசனிலேயே ஃபில்டர் கரியாகிவிடுகிறது, புதியது 2,000-க்கு மேல். செப்டம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், நவம்பரில் கேட்டால் கடையில் ஸ்டாக் இல்லை என்பார்கள்.