வைஃபைக்கு வேறு பூட்டு: ஓப்பன்-டபிள்யூஆர்டி ஒரு மதிப்பீடு

வீட்டு வைஃபைக்குள் வேண்டாதவர் நுழைய என்கிரிப்ஷனை உடைக்க வேண்டியதில்லை. ஸ்டிக்கரில் வந்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு பட்டனாலோ பின் எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதி யாரும் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் தருவதைத் தயாரிப்பாளர் நிறுத்தியதே பலருக்குத் தெரிந்திருக்காது. பாஸ்வேர்டை நாமே மாற்றிக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் நல்ல மருந்து ஓப்பன்-டபிள்யூஆர்டி. ரவுட்டரோடு வந்த ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஏற்றும் இலவச லினக்ஸ் இது. 2004-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரை வைத்துத் தொடங்கியதால் அந்தப் பெயர்.

இதன் முதல் சிறப்பே இதில் இல்லாதவைதான். டபிள்யூபிஎஸ் இயல்பாக இதில் கிடையாது. வேண்டுமென்றால் தனிப் பேக்கேஜ்களைத் தேடிப் போட வேண்டும். டபிள்யூபிஎஸ் பின் எண் 8 இலக்கம் என்றாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதியையும் ரவுட்டர் முதல் 4, அடுத்த 3 என்று தனித்தனியாகச் சோதிப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் அந்த எண் சிக்கிவிடும். இது 2011-லேயே வெளிவந்த ஓட்டை. பின் எண் கிடைத்தால் வைஃபை பாஸ்வேர்டும் கிடைத்துவிடும், அது 63 எழுத்தாக இருந்தாலும் சரி. கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியும் இதில் தானாக வராது. இணையப் பக்கத்திலிருந்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வழியை ஃபயர்வால் ஆரம்பத்திலேயே அடைத்து வைத்திருக்கிறது.

ஏற்றும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று உள்ளே வேறு வேறு சிப்போடு ரவுட்டர்கள் விற்கப்படுகின்றன. ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண் வரை பொருந்தாத கோப்பை ஏற்றினால் ரவுட்டர் இயங்காத செங்கலாகிவிடலாம். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறும்போது ஃபேக்டரி என்று பெயருள்ள கோப்பு. ஏற்கெனவே ஓப்பன்-டபிள்யூஆர்டி இருந்தால் சிஸ்அப்கிரேட் கோப்பு. சில மாடல்களுக்கு இந்த வழி மாறும் என்பதால் அந்தச் சாதனத்துக்கான பக்கத்தை முழுக்கப் படித்த பிறகே கை வைக்க வேண்டும். இறக்கிய கோப்பு சிதையவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஈத்தர்நெட் கேபிள் வழியாக ஏற்ற வேண்டும். வைஃபை வழியாக வேண்டாம். பாதியில் அறுந்தால் வம்பு. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டிகளை விட்டுவிடுங்கள். பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றுக்கு டிரைவர் ஆதரவு மோசம். அவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

ஏற்றி முடித்ததும் வைஃபை தெரியவில்லை என்று பதற வேண்டாம். பெரும்பாலான சாதனங்களில் அது அணைக்கப்பட்டே வரும். கேபிளை மாட்டி 192.168.1.1-க்குப் போனால் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. அதை வைப்பதுதான் முதல் வேலை. இணைய நிறுவனம் கொடுத்த மோடமும் இதே முகவரியில் இருந்தால் இணையம் வராது. அப்போது ரவுட்டரின் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.10.1 என்பது போல மாற்றினால் தீரும்.

என்கிரிப்ஷனில் டபிள்யூபிஏ2-க்கு அடுத்த தரமான டபிள்யூபிஏ3-எஸ்ஏஇ கிடைப்பது பெரிய லாபம். டபிள்யூபிஏ2-வில் ஒரு கருவி இணையும் நொடியில் பறக்கும் ஹேண்ட்ஷேக் என்ற அறிமுகச் செய்திகளைப் பிடித்துவிட்டால் போதும்; பாஸ்வேர்டை வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகிக்கலாம். 10 இலக்க எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தால் நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில மணி நேர வேலை. எஸ்ஏஇ-யில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும் என்பதால் அந்த வித்தை பலிக்காது. சிக்கல் பழைய கருவிகளிடம். டபிள்யூபிஏ3 கட்டாயம் கேட்கும் 802.11டபிள்யூ பாதுகாப்பைப் பழைய பிரிண்டர்களும் ஸ்மார்ட் பல்புகளும் அறியாது. அதற்காக இரண்டையும் கலந்த மிக்ஸட் மோடுக்குப் போனால் அதே பாஸ்வேர்டு டபிள்யூபிஏ2 வழியாகவும் உலவும்; பழைய ஓட்டை அப்படியே திறந்திருக்கும். பிரதான நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்து, பழைய கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் வேறு பெயர், வேறு நீண்ட பாஸ்வேர்டோடு டபிள்யூபிஏ2 தருவதே சரி.

அந்த இரண்டாவது நெட்வொர்க் வீட்டுக் கணினிகளைத் தொடக் கூடாது. இங்கேதான் ஓப்பன்-டபிள்யூஆர்டி கையைப் பிசைய வைக்கிறது. கடை ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்பது ஒரே டிக். இங்கே நெட்வொர்க் பகுதிகளை இணைக்கும் காலியான ஒரு பிரிட்ஜ், அதன் மேல் 192.168.3.1/24 என்ற நிலையான முகவரியோடு ஓர் இன்டர்ஃபேஸ், கருவிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபி, தனி ஃபயர்வால் மண்டலம் என்று எல்லாவற்றையும் கையால் கட்ட வேண்டும். மண்டலத்தில் இன்புட்டும் (ரவுட்டருக்கே வருவது) ஃபார்வர்டும் (அதைக் கடந்து போவது) ரிஜெக்ட், வான் (WAN) எனப்படும் இணையப் பக்கம் மட்டும் அனுமதி. இத்தோடு நிறுத்திக்கொண்டால் போன்கள் ஐபி முகவரி கேட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்புட்டை அடைத்தபோது டிஎச்சிபியும், தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் சேர்ந்து அடைபட்டதுதான் காரணம். அந்த மண்டலத்திலிருந்து ரவுட்டருக்கு டிஎச்சிபிக்காக யூடிபி போர்ட் 67-ஐயும், டிஎன்எஸ்ஸுக்காக டிசிபி, யூடிபி இரண்டிலும் போர்ட் 53-ஐயும் திறக்கும் விதிகள் வேண்டும்.

இரண்டு பொறிகளைப் பல வழிகாட்டிகள் சொல்லாமல் விடுகின்றன. கருவிகள் தங்களுக்குள் பேசாமல் தடுக்கும் 'ஐசோலேட் கிளையன்ட்ஸ்' ஒரே ரேடியோவில் உள்ளவர்களை மட்டுமே பிரிக்கும். ஒரே பிரிட்ஜில் இருந்தால் 2.4-இல் உள்ள கருவி 5 கிகாஹெர்ட்ஸில் உள்ளதோடு பேசும். இன்னொன்று இதைவிட மோசம். இந்த ரவுட்டர் வேறொரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், வான் பக்கம் அனுமதி என்பது அந்த முன் ரவுட்டரின் வீட்டு முகவரிகளுக்கும் சேர்த்துத் தந்த அனுமதியாகிவிடும். கெஸ்ட் மண்டலத்திலிருந்து வான் வழியாக 192.168.0.0/16-க்கு, அதாவது 192.168-இல் தொடங்கும் முகவரிகளுக்குப் போவதைத் தடுக்கும் ஒரு விதி அவசியம். முன் ரவுட்டர் 10-இல் தொடங்கும் முகவரி தந்தால் தடையும் 10.0.0.0/8 ஆக வேண்டும்.

கருவியின் வன்பொருள் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் எம்ஏசி ஃபில்டரும் வைஃபை பெயரை மறைக்கும் வசதியும் இதிலும் உண்டு. தொட வேண்டாம். எம்ஏசி முகவரி காற்றில் மறைப்பின்றிப் போவதால் பார்த்து நகலெடுக்க நிமிடம் போதும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களே போலி முகவரி காட்டுவதால் வீட்டுக்காரர்தான் முதலில் வெளியே நிற்பார். யார் உள்ளே இருக்கிறார் என்பதை ஸ்டேட்டஸ் பக்கத்தில் பெயர், முகவரி, சிக்னல் அளவோடு பார்க்கலாம். அங்கே உள்ள டிஸ்கனெக்ட் பட்டன் வெளியே தள்ளினாலும் பாஸ்வேர்டு தெரிந்தவர் திரும்ப வந்துவிடுவார். பாஸ்வேர்டை மாற்றினால்தான் அவர் போவார்.

பெரிய குறை, தானாக அப்டேட் ஆகாது என்பது. சாதாரண சிஸ்அப்கிரேட் அமைப்புகளைக் காப்பாற்றும். தனியாகப் போட்ட பேக்கேஜ்களைக் காப்பாற்றாது. விளம்பரத் தடுப்பியோ விபிஎன்னோ அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போனால் காரணம் இதுதான். அட்டெண்டட் சிஸ்அப்கிரேட் வசதி அவற்றையும் சேர்த்தே புதிய கோப்பைக் கட்டித் தரும். தவறான ஃபயர்வால் விதியால் நீங்களே வெளியே பூட்டப்பட்டால், பூட் ஆகும்போது விளக்கு வேகமாக மின்னும் அந்தச் சில நொடிகளில் ரீசெட் பட்டனை அழுத்தி ஃபெயில்சேஃப் என்ற மீட்பு நிலைக்குப் போங்கள். கணினிக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் வழி) மூலம் 192.168.1.1-க்குள் நுழையலாம். மறக்காமல் மவுன்ட்_ரூட் கட்டளையை முதலில் கொடுங்கள். இல்லாவிட்டால் திருத்தியது எதுவும் நிலைக்காது.