கல்லா, கண்டலா, சரிவா: கோத்தகிரிப் பெண்ணுக்கு மூன்று படிப்புகள்

போன கார்த்திகையில் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். நான்கு நாளாக விட்டுவிட்டு மழை. அடுப்பங்கரையில் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, கடற்கரை அரிச்சுப் போகாம காப்பாத்துற வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?" அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் படிக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்: "மலையில பொறந்த புள்ளைக்குக் கடல்ல என்ன வேலை? இங்க சரியுற மண்ண நிறுத்துறதுக்குப் படிக்கச் சொல்லு."

இருவரும் கேட்டது நியாயம்தான். நான் சிவில் படித்து, பதினோரு வருடம் கடற்கரை வேலைத்தளங்களில் கழித்தவள். இந்த வேலைக்குப் போக எனக்குத் தெரிந்து மூன்று உருப்படியான வழிகள் உண்டு. சிவில் முடித்துக் கடல்சார் பொறியியல், வனவியல் அல்லது கடல் உயிரியல் வழியாக, அலையைத் தணித்துக் கரை மண்ணைப் பிடித்துவைக்கும் அலையாத்திக் காடு, அதாவது கண்டல் காடு, மூன்றாவதாக, அண்ணி சொல்கிற மலைச்சரிவு. அன்று ராத்திரி பேசியதையும் பிறகு யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மலையிலிருந்து இதே கேள்வியோடு இன்னும் பிள்ளைகள் இருப்பார்கள்.

அண்ணிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடற்கரை என்பது மணலின் வரவு செலவு. ஆறு கொண்டுவந்து போட வேண்டும், அலை எடுத்துக்கொண்டு போகும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் ஐப்பசி மழையில் அள்ளிக்கொண்டு இறங்கும் மண், காவிரியில் சேரும் பவானி ஆற்றோடு போய் 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் தங்கிவிடுகிறது. காவிரியின் மேல்பக்கத்து மண்ணை 1934இலிருந்து மேட்டூர் பிடித்துவைத்திருக்கிறது. அணைக்குக் கீழே மிஞ்சும் மணலையும் லாரியில் அள்ளிவிட்டால், பூம்புகார்ப் பக்கம் போய்ச் சேர என்ன இருக்கும்? சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஒப்பிட்டுப் பார்த்தது. இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது, தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். மலையில் மண் நிற்காமல் ஓடுவதும் கடலோரத்தில் மண் வராமல் கரை தேய்வதும் ஒரே ஆற்றின் இரண்டு முனைகளில் நடக்கின்றன. மலைப்பிள்ளைக்கு இந்த வேலை அந்நியம் இல்லை.

கல்லும் கணக்கும்

சிவில் வழி நேரானது. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கு பாதி, இயற்பியலும் வேதியியலும் மீதி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணம் அரசு பொறுப்பு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கோவை ஜி.சி.டி. போன்ற அரசுக் கல்லூரியில் சிவில் கிடைத்தால் வீட்டுக்குப் பெரிய பாரமில்லை. நான்கு வருடம் முடித்து, முதுநிலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலோ சூரத்கல் என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேரலாம். கேட் மதிப்பெண்ணில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை.

அங்கே படிப்பது முழுக்க அலை, நீரோட்டம், மணல் நகர்வு. ஒரு விஷயம் சொன்னால் இந்தப் படிப்பின் எடை புரியும். தடுப்புச் சுவரின் மேலடுக்கில் போடும் கல் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பது அலை உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. அலை இரண்டு மடங்கு உயர்ந்தால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். புயல் அலையைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டால் சுவர் ஒரே ராத்திரியில் உருண்டுவிடும். இதில் தோராயத்துக்கு இடம் கிடையாது.

வேலைக்குப் பஞ்சமில்லை. துறைமுகங்கள், ஆலோசனை நிறுவனங்கள், பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், புனேயில் 1916இலிருந்து இயங்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம், டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் நீர்வளத் துறை. சம்பளமும் மற்ற இரண்டு வழிகளைவிடச் சீக்கிரம் கூடும்.

இந்த வழியில் மனதை அறுக்கும் ஒன்றும் உண்டு. நம் கிழக்குக் கரையில் மணல் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் இதனால்தான். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு மீனவ ஊருக்குக் கல்நீட்சிகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகள், வடிவமைத்தோம். மணல் நகர்வைக் கணிக்கக் கணினியில் ஓட்டிய மாதிரியின் எல்லை அந்த ஊரின் எல்லையோடு நின்றுவிட்டது, வடக்கே அடுத்த ஊர் வரைபடத்திலேயே இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் வருடம் அடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை மணலில் நடத்திக் கூட்டிப்போய் ஒரு தென்னை மரத்தைக் காட்டினார். வேர் முழுக்க வெளியே தொங்க, மரம் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. "போன தை மாசம் இதுக்கு அந்தாண்ட நாப்பதடி மண்ணு கெடந்துச்சும்மா" என்றார். மாதிரியின் எல்லையை இன்னும் பத்து கிலோமீட்டர் வடக்கே இழுங்கள் என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் மகளிடம் இதை மறைக்காமல் சொன்னேன். சூத்திரத்தைக் கல்லூரியில் கற்றுத் தருவார்கள், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று நாம்தான் கேட்டுப் பழக வேண்டும்.

நல்லபடியாகச் செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகத்தால் புதுச்சேரி தன் மணலை இழந்தது. நகரக் கடற்கரை என்றாலே கருங்கல் குவியல் என்றாகிவிட்டது. 2018இல் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கி, துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். மணல் தங்க ஆரம்பித்தது. பல வருடம் கல்லை மட்டுமே பார்த்த இடத்தில் இன்று குழந்தைகள் மணலில் விளையாடுவதைப் பார்த்தால் இந்தப் படிப்பின் மேல் ஆசை வரும்.

சேறும் கன்றும்

இரண்டாவது வழி நம் மலையடியிலேயே தொடங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது, வனவியல் இளநிலைப் பட்டம், நான்கு வருடம். இல்லையென்றால் ஏதாவது உயிரியல் பட்டம் முடித்து, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முதுநிலை படிக்கலாம்.

கன்று நடுவதுதான் வேலை என்று நினைப்பவர்கள் பிச்சாவரத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே கூறு கூறாகக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண் காய்ந்து தாழ்ந்தது, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றி, உப்பு ஏறியது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் செத்துப்போகும். 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வேறு மாதிரி யோசித்தன. நடுவே ஒரு பெரிய கால்வாய், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி இறங்க ஆரம்பித்ததும் உப்பு கழுவப்பட்டது, அதற்குப் பிறகு நட்டவை பிழைத்தன.

அதாவது முதல் வேலை மட்டம் பார்ப்பதுதான். முழங்கால் சேற்றில் நின்று, ஓதம் எந்த உயரம் வரை எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அளப்பது. நான் ஒருமுறை வனவியல் படித்த ஒரு தோழியோடு போயிருந்தேன். குச்சி மாதிரி நீண்ட சுரபுன்னை விதைக்காயைக் கையில் கொடுத்து, எந்த முனை கீழே போக வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளோ வெண்கண்டல் மரம் எங்கே நிற்கிறது, தில்லை மரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தே தரையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லிவிட்டாள். நான் கருவியை நிறுத்தி அளந்து கண்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த வழியில் வேலைகள் பெரும்பாலும் திட்டம் ஓடும்வரைதான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், 2023இல் உயர்த்திய தொகை. அது முடிந்ததும் அடுத்த திட்டத்தைத் தேட வேண்டும். நிரந்தரம் வேண்டுமென்றால் வனத்துறைத் தேர்வுகள்தான், அதிலும் கரையோரக் கோட்டத்தில்தான் போடுவார்கள் என்று உறுதியில்லை.

அண்ணியின் சரிவு

மூன்றாவது வழியைப் பிள்ளைகள் யாரும் கேட்பதே இல்லை, அது எனக்கு வருத்தம். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை. மலைச்சரிவு வேலை நமக்கு வாசல்படி வேலை. கோவையில் வேளாண் பொறியியல் படித்தால் மண், நீர்ப் பாதுகாப்பு அதில் முக்கியப் பாடம். ஊட்டியிலேயே மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சிவில் படித்து மண் பொறியியலில் மேற்படிப்பு முடித்தாலும் இங்கேயே வரலாம். இப்போது நீலகிரிச் சாலையோரங்களில் சரிவுக்குள் கம்பி செருகி, வலை கட்டி, புல்விதை தெளிக்கிறார்களே, அது அந்தப் படிப்பின் வேலைதான். காலியிடங்கள் குறைவு. ஆனால் வீட்டுக்குப் பக்கம், செய்த வேலை நின்றதா போனதா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

பெண் பிள்ளை என்பதால் அண்ணி கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்கிறேன். கடற்கரைத் தளத்தில் ஓத அட்டவணைதான் முதலாளி, விடிகாலை நான்கு மணிக்கு இறங்கு ஓதம் என்றால் நான்கு மணிக்கு மணலில் நிற்க வேண்டும். பல தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நான் சண்டை போட்டு வாங்கிய இடங்களும் உண்டு, தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்திய இடங்களும் உண்டு. சேற்று வேலையிலும் இதே கதைதான். ஆராய்ச்சி நிலையத்திலும் வடிவமைப்பு அலுவலகத்திலும் இந்தத் தொல்லை குறைவு. வேலைக்குச் சேரும் முதல் நாளே இதைக் கேட்டுவிட வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் தேர்வு

கணக்கு பிடிக்கும் பிள்ளை என்றால் சிவில். காரணம், அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் போக முடியும். இந்திய வனப்பணித் தேர்வைக்கூடப் பொறியியல் பட்டதாரி எழுதலாம். வனவியல் படித்தவர் தடுப்புச் சுவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை. நான்கு வருடத்தில் ஒரு கோடை விடுமுறையாவது அலையாத்திக் காட்டில் கழிய வேண்டும், க்யூஜிஐஎஸ் மாதிரி இலவச வரைபட மென்பொருள் ஒன்றைக் கற்றிருக்க வேண்டும். கணக்கு கசக்கிறது, வெளியே சுற்றத்தான் பிடிக்கும் என்றால் தயங்காமல் மேட்டுப்பாளையம். பெயரில் கடல் இருக்கிறதே என்று மட்டும் எந்த இளநிலைப் பட்டத்தையும் எடுக்கக் கூடாது. ஐ.ஐ.டி.யில் பி.டெக்.கில் உள்ள கடல்சார் படிப்பு பாதிக்குமேல் கப்பல் கட்டுவது, நாகப்பட்டினத்து மீன்வளப் பொறியியல் வேறு வேலைக்கான படிப்பு. இரண்டும் நல்லவைதான், இவள் கேட்டது அதுவல்ல.

கிளம்பும்போது அவளிடம் மூன்று கண்ணாடி பாட்டில் கொடுத்தேன். அடுத்த மழையில் சோலைக்குள்ளிருந்து வரும் ஓடையில் ஒன்று, தேயிலைத் தோட்டத்து வாய்க்காலில் ஒன்று, கேரட் காட்டு வடிகாலில் ஒன்று பிடித்து, அசைக்காமல் வைத்து, அடியில் தங்கும் மண்ணை ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து போட்டோ அனுப்பினாள். சோலைத் தண்ணீரில் அடியில் ஒரு கோடு மட்டும். தேயிலைத் தோட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர். கேரட் காட்டில் பதினொன்று, மேலே தண்ணீர் இன்னும் தெளியவில்லை. கீழே எழுதியிருந்தாள்: "அத்தை, அம்மா தெனமும் இத எடுத்துப் பாக்குறாங்க."

ரிசல்ட் வந்து கலந்தாய்வு தொடங்குவதற்குள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முதல் நாள் புதுச்சேரி, மறுநாள் பிச்சாவரம் என்று திட்டம். அண்ணி கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில், கல்யாணமான புதிதில். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.