வண்டியை இரண்டாகப் பிளந்த பிறகுதான் அசல் விலை சொல்வார்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐந்தோ எட்டோ ஏக்கர் செம்பனை வைத்துக்கொண்டு, ஜப்பானிலிருந்து பழையதாக வந்திறங்கிய சின்ன டிராக்டரோடு மல்லுக்கட்டுகிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. நம் டவுன் பக்கம் ஒரு பட்டறை 750 வெள்ளி என்று பேசி என்னிடம் 3,700 வெள்ளி கறந்தது. நன்றாக இருந்த டீசல் பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு வேறொன்றை மாட்டி அனுப்பியது. எந்த வேலைக்காக வண்டியைக் கொண்டுபோனேனோ அதை மட்டும் செய்யவே இல்லை. பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை. கேஸ் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

என்னுடையது மூன்று சிலிண்டர் டீசல் குபோத்தா. பழசுதான், ஆனால் உழைக்கிற வண்டி. இரண்டு தொந்தரவு இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து வெள்ளைப் புகை கக்கும். என்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில் ஆயில் சொட்டும். அங்கே ஆயில் சொட்டினால் பெரும்பாலும் கிராங்கின், அதாவது என்ஜினின் சுழல் தண்டின், பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் சின்ன சாமான். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் டிராக்டரையே நடுவில் பிளக்க வேண்டும். லோரிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனிச் சேஸி கிடையாது. என்ஜினும் கியர் பாக்ஸும்தான் வண்டியின் முதுகெலும்பு. போல்ட்டுகளைக் கழற்றினால் முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம், இரண்டுக்கும் கட்டை கொடுத்துத்தான் நிறுத்த முடியும். அந்தக் கோலத்தில் வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துப்போக வழியில்லை. அவர்களுக்கு நம்மேல் கிடைக்கிற பிடி அதுதான்.

பட்டறைக்காரர் நம்ம ஆள். கோயில் திருவிழாவில் பார்த்த முகம், பேச்சில் தேன். “750 குடுங்கண்ணே, சீலு மாத்தி, ஸ்டார்ட்டிங்கும் பார்த்துத் தந்துர்றேன்” என்றார். எழுதிக் கேட்டதற்கு, “நமக்குள்ள என்னண்ணே பேப்பரு?” என்று சிரித்தார். கடைசியில் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் தொகையையும் வேலையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் துண்டுக் காகிதம்தான் இன்றைக்குக் கேஸில் எனக்குக் கைகொடுக்கிறது.

வண்டியைப் பிளந்த பிறகு போன் வந்தது. “அண்ணே, உள்ளே நெலமை ரொம்ப மோசம் லா. கிளட்ச் எரிஞ்சு போச்சு, பம்பும் போச்சு.” வாட்ஸ்அப்பில் கருகிப்போன கிளட்ச் பிளேட்டின் படமும் வந்தது. கிளட்ச் பிளேட்டின் நடுவில் வட்டமாகச் சின்ன ஸ்பிரிங்குகள் இருக்கும். என் பிளேட்டில் நான்கு. படத்தில் இருந்ததில் ஆறு. என் பிளேட்டை ஈப்போவில் ஒரு லைனிங் கடையில் புது லைனிங் போட்டு நானே கையில் தூக்கி வந்தவன், எனக்குத் தெரியாதா? கேட்டேன். “ஆங்கிள்ல அப்படித் தெரியுதுண்ணே” என்று பதில் வந்தது. நாலு ஆறாகத் தெரிகிற ஆங்கிள் எதுவோ!

அப்படியானால் எதையும் செய்ய வேண்டாம், பூட்டிக் கொடுங்கள் என்றேன். குரல் மாறியது. பிளந்த கூலி, திரும்பப் பூட்டும் கூலி, இடத்து வாடகை என்று அதற்கே ஒரு பெரிய கணக்குச் சொன்னார். அவருக்கு இன்னொன்றும் தெரியும்: செம்பனை காத்திருக்காது. 10 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று வெட்டியாக வேண்டும். தள்ளிப்போட்டால் பழம் உதிர்ந்து கொட்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். குலையை உள்ளேயிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர டிராக்டரும் டிரெய்லரும் வேண்டும். பருவத்தில் வாடகை வண்டி கேட்டால் கிடைக்காது. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் சரி என்றேன். பில் இதோ: கிளட்ச் செட் 980, பம்ப் ஓவர்ஹால் 1,100, பைலட் பேரிங் 180, பிளைவீல் கடைசல் 150, சம்ப் கேஸ்கெட் 120, ஆயில் சீல் 160, என்ஜின் ஆயில் 110, கூலி 900. பழைய சாமான்களைக் கேட்டேன். பெசி பூரோக், பழைய இரும்பு வாங்குகிற லோரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். இத்தனை வேலைக்குக் கழற்றிய சாமான் ஒன்றுகூட மிச்சம் இல்லையாம்.

வண்டி வந்தது. காலையில் அதே அடம், அதே வெள்ளைப் புகை. மேடு ஏறும்போது முன்பு இல்லாத திணறல் வேறு. டீசல் கூடுதலாகக் குடித்தது. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியத்தை எடுத்த பிறகு அதெல்லாம் சும்மா விடக்கூடிய செலவில்லை. கொஞ்ச நாளில் ஆயிலும் பழைய இடத்திலேயே சொட்ட ஆரம்பித்தது.

எஸ்டேட்டில் பிட்டராக, இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். சொந்த மாமா இல்லை, லயத்து உறவு. வயதாகிவிட்டது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு இடிக்கிற தூரத்தில்தான் எதையும் பார்ப்பார். வீட்டுக் கொட்டகையில் அவர் சொல்லச் சொல்ல நாங்களே பிளந்தோம்.

பிளப்பதற்கு முன்பே என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட்டுகளைக் காட்டினார். ஆயிலும் மண்ணும் சேர்ந்து இறுகிய கருப்பு அழுக்கு போல்ட் தலையையும் சம்ப்பையும் சேர்த்து ஒரே பூச்சாக மூடியிருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்தப் பூச்சு உடைந்திருக்கும். “இதைக் கழட்டாமலே கேஸ்கெட் மாத்தியிருக்கான். பெரிய கெட்டிக்காரன்டா தம்பி” என்றார். உள்ளே அதே பழைய ஆயில் சீல், ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் நிற சிலிக்கான் பசை அப்பியிருந்தது. கிளட்ச் பிளேட்டில் நான்கு ஸ்பிரிங். ஈப்போ கடைக்காரர் அடையாளத்துக்குக் குத்திய புள்ளியும் அப்படியே இருந்தது. பைலட் பேரிங் மட்டும் உண்மையிலேயே புதிது, கம்பெனிப் பெயரே இல்லாத சாமான். அதே நம்பர் பேரிங்கை நல்ல பிராண்டில் பிற்பாடு இருபது வெள்ளிக்குள் வாங்கினேன்.

பம்ப்தான் பெரிய அடி. வண்டி வாங்கியபோது என்ஜின் நம்பர், பம்ப் நம்பர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது இருக்கிற பம்பில் பொறித்திருக்கும் நம்பர் வேறு. ஓவர்ஹால் செய்ததாகக் காசு வாங்கிக்கொண்டு என் பம்பை எடுத்துவிட்டு ஒரு தேய்ந்த பம்பை வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த வெள்ளைப் புகைக்கு என்ன காரணம்? குளோ பிளக். இந்த மாதிரிப் பழைய டீசல் என்ஜினில், சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புவதற்கு முன் சில வினாடி சூடேற்றுகிற பிளக். சிலிண்டருக்கு ஒன்று. நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது என்று நினைக்கலாம், ஆனால் விடியற்காலையில் இந்த என்ஜின்களுக்கு அது இல்லாமல் ஆகாது. மாமா மூன்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக 12 வோல்ட் பேட்டரியில் ஒயர் வைத்துப் பார்த்தார். ஒன்று நுனியில் சிவந்தது. மற்ற இரண்டும் செத்தவை. நீங்கள் செய்து பார்ப்பதானால் இடுக்கியில் பிடித்துக்கொள்ளுங்கள், கையில் பிடித்தால் தோல் போய்விடும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம்: நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. பம்பைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

இப்போது காசு விஷயம். “ஜப்பான்லேர்ந்து வரணும்ணே” என்று சொல்லி விலை ஏற்றுகிற சாமான்களில் பாதி, எந்தப் பேரிங் கடையிலும் கிடைப்பவை. பேரிங்கின் ஓரத்தில் நம்பர் பொறித்திருக்கும். 6206 என்றால் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, தடிப்பு 16. டிராக்டரில் இருந்தாலும் சரி, தண்ணீர் மோட்டாரில் இருந்தாலும் சரி, 6206 என்றால் 6206தான். 04-இலிருந்து மேலே, கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். நம்பருக்குப் பின்னால் இசட் இசட் என்று இருந்தால் இரும்பு மூடி, ஆர்எஸ் என்று இருந்தால் ரப்பர் மூடி. சேறும் தண்ணீரும் படுகிற இடத்துக்கு ரப்பர் மூடி வாங்குங்கள். பிராண்ட் பேரிங்கிலும் போலி உண்டு, அதனால் ஆன்லைனில் மலிவாகத் தேடாமல் ஈப்போவில் பேரிங் மட்டுமே விற்கிற கடைக்குப் போவது நல்லது. நம் டவுனிலிருந்து அரை மணி நேரம்தானே.

ஆயில் சீலிலும் மூன்று அளவு எழுதியிருக்கும்: உள், வெளி, தடிப்பு. வி-பெல்ட்டுக்கு முதுகில் நம்பர் இருக்கும். கிராங்கின் பின் சீல் மாதிரி ஒன்றிரண்டுக்குத்தான் அந்த மாடலுக்கே உரியது தேவைப்படும். ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் பழையதைக் கொண்டுபோனால் அதே நீளத்துக்கு வெட்டி, முனை அழுத்தித் தருகிற கடைகள் உண்டு. கிளட்ச் பிளேட்டுக்கு லைனிங் மட்டும் மாற்றலாம். புல் வெட்டுகிற ஸ்லாஷரைச் சுழற்றும் பிடிஓ ஷாப்ட்டைப் பற்றியும் கதை விடுவார்கள். பெரும்பாலான டிராக்டர்களின் பின்பக்கத் தண்டு 35 மில்லிமீட்டர், ஆறு பல், நிமிடத்துக்கு 540 சுற்று. நீளத்தை மட்டும் பார்த்துப் பழையது வாங்கினாலே போதும். ஆனால் மேலே பிளாஸ்டிக் உறை இல்லாததை வாங்கிவிடாதீர்கள். சுற்றுகிற தண்டில் கட்டியிருக்கும் சாரம் சிக்கினால் ஆளையே சுருட்டிவிடும். டீசல் பம்பும் நாசிலும் சந்தேகமாக இருந்தால், டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற பம்ப் கடைக்கு நீங்களே கழற்றிக் கொண்டுபோங்கள். பட்டறைக்காரர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

வண்டியை விடும்போது சாமானை நான் வாங்கித் தருகிறேன், உங்களுக்குக் கூலி மட்டும் என்று பேசுங்கள். முகம் சுளிக்கிற பட்டறையை விட்டுவிடலாம். பம்ப், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் நம்பர்களைப் பட்டறைக்காரர் கண்முன்னாலேயே படம் எடுங்கள், அதற்கே பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள். முக்கியமான போல்ட்டுகளில் தலையையும் அடிப்பாகத்தையும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் போட்டுவிடுங்கள். நான் மனைவியின் நகப்பாலிஷைப் போட்டேன், திட்டு வாங்கினேன். போல்ட் திரும்பினால் கோடு விலகும். பிளப்பதற்கு முன் கூலி இவ்வளவு, பிளந்து பார்த்து வேண்டாம் என்றால் திரும்பப் பூட்ட இவ்வளவு, பழைய சாமான் எனக்கு என்று எழுதி வாங்குங்கள். பிளந்த பிறகு போன் வந்தால் பேசிக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள்.

புகார் எங்கே கொடுப்பது என்பதில் பலர் குழம்புகிறார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வழக்கமாக வாங்குகிற பொருளையும் சேவையையும் பற்றியது. பழம் ஏற்றுகிற டிராக்டர் தொழிலுக்கானது என்று எதிராளி வாதாடலாம். அதனால் நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கைக்குப் போனேன். 5,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், பாரம் 198, வக்கீல் வேண்டாம். பாரம் மலாயில் இருக்கும், எழுதுவது கஷ்டமில்லை. பில், கையெழுத்துப் போட்ட துண்டு, வாட்ஸ்அப் படம், பம்ப் நம்பர் படங்கள், பிளந்தபோது எடுத்த வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். பம்பை எடுத்துக்கொண்டதற்குத் தனியாகப் போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று.

பேஸ்புக்கில் மலிவு விலைக்கு ரொட்டாவேட்டர், டிரெய்லர் என்று டெப்போசிட் கேட்கிறவர்களைப் பற்றி ஒரு வரி: காசு போடுவதற்கு முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் மோசடிக் கணக்கா என்று சரிபார்க்கிற போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். போட்டு ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

இனி ஒரு உதவி. என் பம்ப் இந்த வட்டாரத்திலேயே ஏதோ ஒரு குபோத்தாவில் உட்கார்ந்திருக்கும் என்றுதான் பிட்டர் மாமாவும் சொல்கிறார். சுங்கை சிப்புட், கோல கங்சார் பக்கம் யாராவது அண்மையில் பட்டறையில் பழைய பம்ப் வாங்கி மாட்டியிருந்தால், அதில் பொறித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். காசு கொடுத்து வாங்கிய உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பம்பையும் திருப்பிக் கேட்கமாட்டேன். நம்பர் பொருந்தினால் அந்தப் படமும், உங்களிடம் ரசீது இருந்தால் அதன் நகலும் எனக்குப் போதும்.