ஜவ்வாதுமலையில் வண்டி கவிழ்ந்தால்: காத்திருப்பதா, நடந்து இறங்குவதா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ரோட்டை விட்டு மண்பாதையில் திரும்பினால் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அங்கே விழுந்தால் இரண்டே வழி.

தனியாகப் போனவர் வண்டி அருகிலேயே இருப்பதுதான் சரி. காட்டில் ஆளைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும். 112-ஐ அடித்துப் பாருங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாகப் போகும். விசிலை மும்மூன்றாக ஊதுங்கள். ஆனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லாமல் கிளம்பியவரை யார், எங்கே தேடுவார்கள்?

நடப்பது, மூன்று பேராவது இருந்தால் மட்டும். ஒருவர் காயப்பட்டவரோடு இருக்கட்டும். ரத்தம் கொட்டினால் துணி வைத்து 10 நிமிடம் கையெடுக்காமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். மற்றவர் வந்த பாதையிலேயே திரும்பட்டும். ஓடையைப் பிடித்து இறங்கினால் பாறையில் மாட்டுவார்.

பனிமலையில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டுபவர்களுக்கும், கூட ஆள் வேண்டும் என்ற இதே பாடம்தான். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10-15 நிமிடத்துக்குள் தோண்டியெடுக்கக் கூட வந்தவரால்தான் முடியும். அதனால் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), பனியில் குத்தித் தேடும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

சாட்டிலைட் போன் வாங்கலாமே என்பார்கள். இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.